மூல நிரலும் சட்டமும்: திறந்த மூல மென்பொருள் எழுதுவோர் அறிந்திருக்க வேண்டியவை

நம் நாட்டில் அச்சாகும் பாடநூல்களின் முதல் பக்கத்தைப் புரட்டினால் 'ஹக் சிப்தா தெர்பெலிஹாரா' என்ற வரி கண்ணில் படும். இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டுகள் அந்த வரியைப் பார்த்துப் பழகிய நாம், அது புத்தகங்களுக்கு மட்டுமே உரிய ஒன்று என்று எண்ணிக்கொள்கிறோம். நாம் இரவெல்லாம் விழித்து எழுதும் கணினி நிரலுக்கும் அதே சட்டம்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. கணினித் துறை மாணவர்களுக்கே தெரிவதில்லை என்பதுதான் வியப்பு.

கட்டுரைக்குள் செல்லும் முன் சொற்களைப் பற்றி ஒரு விளக்கம். தமிழில் 'காப்புரிமை' என்ற சொல்லை நாளிதழ்கள் இரண்டு பொருளில் கையாளுகின்றன. ஒரு நாள் அது பாடலாசிரியரின் உரிமையைக் குறிக்கும். மறுநாள் மருந்து கண்டுபிடித்தவரின் உரிமையைக் குறிக்கும். மலாய் மொழியில் இந்தக் குழப்பம் இல்லை. 'ஹக் சிப்தா' வேறு, 'பேட்டன்' வேறு. எனவே இக்கட்டுரையில் ஹக் சிப்தாவைப் பதிப்புரிமை என்றும் பேட்டனைக் காப்புரிமை என்றும் குறிப்பிடுகிறேன். 'உரிமம்' என்பது லைசென்ஸ், அதாவது உரிமையாளர் பிறருக்கு எழுதிக் கொடுக்கும் அனுமதி. இம்மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் மேலே படிப்பதில் பயனில்லை.

பதிப்புரிமை: எதிரியா, காவலனா?

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேர்த்திருக்கிறது. மு.வ.வின் நாவலும் நாம் எழுதிய ஜாவா நிரலும் சட்டத்தின் கண்ணில் ஒரே இனம்! நிரலை எழுதி முடித்த கணத்திலேயே உரிமை தானாகப் பிறந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை, கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. எழுதியவரின் ஆயுட்காலமும் அதன் பின் 50 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும்.

ஆனால் அச்சட்டம் காப்பது நிரலின் வடிவத்தை மட்டுமே. கருத்து, செயல்முறை, இயக்கும் முறை, கணிதக் கருத்து ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை என்று அதே சட்டத்தின் 7ஆவது பிரிவு கூறுகிறது. ஒருவர் எழுதிய சந்திப் பிழை திருத்தியைப் பார்க்காமல் நானே சொந்தமாக ஒன்றை எழுதினால், இரண்டும் ஒரே வேலையைச் செய்தாலும் அவர் என் மீது குறை சொல்ல முடியாது.

இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று இருக்கிறது. திறந்த மூல மென்பொருள் என்றால் பதிப்புரிமை இல்லாத மென்பொருள் என்று நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்து, 1989இல் ஜி.பி.எல். எனும் பொது உரிமத்தின் முதல் பதிப்பை வெளியிட்டபோது, அவர் பதிப்புரிமையைத் தூக்கி எறியவில்லை, அதையே ஆயுதமாக்கினார். 'இந்த நிரல் என்னுடையது. நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் பிறருக்குக் கொடுக்கும்போது மூல நிரலையும் இதே உரிமைகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்' என்பதே அவரது நிபந்தனை. 'என்னுடையது' என்று சொல்லச் சட்டம் இடம் தராவிட்டால் நிபந்தனை விதிக்கவும் வழியில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ், மறு ஆண்டே இந்த உரிமத்தின் கீழ் வந்தது.

பொம்மை ரயில் வழக்கு

நிபந்தனை எழுதிவைத்தால் போதுமா? காசு வாங்காமல் கொடுத்த ஒன்றுக்கு நீதிமன்றம் மதிப்புக் கொடுக்குமா? இக்கேள்விக்கு அமெரிக்காவில் விடை தந்தது ஒரு பொம்மை ரயில் மென்பொருள் என்றால் நம்புவது கடினம். இந்த வழக்கைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் பதிப்புரிமையும் காப்புரிமையும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் இரு பக்கமும் வந்து மோதிய கதை இது.

ராபர்ட் ஜேக்கப்சன் என்பவர் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர். ஓய்வு நேரத்தில் மாதிரி ரயில்களில் ஆர்வம் கொண்டவர். அந்த ரயில்களுக்குள் இருக்கும் சிறு சில்லுகளைக் கணினியிலிருந்து அமைக்கவும் இயக்கவும் 'ஜே.எம்.ஆர்.ஐ.' எனும் மென்பொருளை அவரும் உலகின் பல மூலைகளிலுள்ள தொண்டர்களும் சேர்ந்து எழுதினார்கள். 'ஆர்ட்டிஸ்டிக்' எனும் உரிமத்தின் கீழ் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ள வழி செய்தார்கள்.

அதே துறையில் வணிக மென்பொருள் விற்றுவந்த மேத்யூ கட்சர் என்பவரிடம் ஒரு காப்புரிமை இருந்தது. 2005இல் ஜேக்கப்சனுக்குக் கடிதங்கள் வந்தன. உங்கள் மென்பொருள் எங்கள் காப்புரிமையை மீறுகிறது, இத்தனை பேர் பதிவிறக்கம் செய்திருக்கிறார்கள், ஆகவே இத்தனை டாலர் கட்டுங்கள் என்று கணக்குப் போட்டு அனுப்பியிருந்தார்கள். தொகை 2 லட்சம் டாலருக்கும் மேல்! ஒரு காசும் வாங்காமல் கொடுத்த பொருளுக்கு. அதோடு நிற்கவில்லை, தகவல் அறியும் சட்டத்தின் கீழ் அமெரிக்க எரிசக்தித் துறையிடம் ஜேக்கப்சனின் மின்னஞ்சல்களைக் கேட்டும் மனுச் செய்தார்கள். வேலை செய்யும் இடம் வரைக்கும் விவகாரம் வந்துவிட்டது. இந்நிலையில் நம்மில் எத்தனை பேர் மென்பொருளை நீக்கிவிட்டு ஒதுங்கியிருப்போம்?

ஜேக்கப்சன் ஒதுங்கவில்லை. 2006இல் அவரே வழக்குத் தொடுத்தார். வழக்கு நடக்கும்போதுதான் வேறொன்று முன்னுக்கு வந்தது. கட்சரின் நிறுவனம், ஜே.எம்.ஆர்.ஐ. குழுவினர் உருவாக்கிய சில்லு விவரக் கோப்புகளை எடுத்துத் தன் மென்பொருளில் பயன்படுத்தியிருந்தது. எழுதியவர்களின் பெயர்கள் இல்லை. பதிப்புரிமைக் குறிப்பு இல்லை. எங்கிருந்து எடுக்கப்பட்டது, எப்படி மாற்றப்பட்டது என்ற விவரமும் இல்லை. இவை யாவும் அந்த உரிமம் கேட்ட நிபந்தனைகள்.

2007இல் மாவட்ட நீதிமன்றம் ஜேக்கப்சனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உரிமம் எல்லாருக்கும் தாராளமாக அனுமதி தந்துவிட்டது; பெயர் போடாதது வெறும் ஒப்பந்த மீறல், பதிப்புரிமை மீறல் அல்ல என்றது. கேட்பதற்குச் சிறிய வேறுபாடு போலத் தோன்றும். ஆனால் ஒப்பந்த மீறலுக்குப் பொதுவாகக் கிடைப்பது பண இழப்பீடு. இலவசமாகக் கொடுத்த பொருளில் பண இழப்பு எவ்வளவு? சுழியம்! அத்தீர்ப்பு நின்றிருந்தால், திறந்த மூல உரிமங்கள் எல்லாம் பல்லில்லாத பாம்புகளாகியிருக்கும்.

2008 ஆகஸ்டு 13ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. உரிமத்தில் இருந்த ஒரு சொற்றொடரை நீதிபதிகள் பிடித்துக்கொண்டார்கள்: 'இன்னின்னவற்றைச் செய்தால் மட்டுமே' அனுமதி என்ற பொருள்படும் சொற்கள் அங்கே இருந்தன. நிபந்தனை நிறைவேறாவிட்டால் அனுமதியே இல்லை. அனுமதி இல்லாமல் படியெடுப்பது பதிப்புரிமை மீறல். பணம் வாங்காவிட்டாலும் பெயரும் பயனரும் வளர்வதில் பொருளியல் நன்மை உண்டு என்பதையும் ஏற்றுக்கொண்டது. தமிழில் 'ஆல்' என்ற ஒரு விகுதி பொருளை எப்படித் திருப்புகிறது என்று இலக்கண வகுப்பில் படித்திருக்கிறோம். இங்கே ஒரு வழக்கையே திருப்பியது.

காப்புரிமையின் கதி என்ன? வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கட்சர் அதைத் தாமே கைவிட்டார். 2010 பிப்ரவரியில் சமரசம் ஏற்பட்டது. ஜேக்கப்சனுக்கு 1 லட்சம் டாலர் கொடுக்கவும் ஜே.எம்.ஆர்.ஐ. கோப்புகளைப் பயன்படுத்தாதிருக்கவும் கட்சர் தரப்பு ஒப்புக்கொண்டது. பணம் கேட்டுக் கடிதம் போட்டவர் இறுதியில் பணம் கொடுத்தார். ஆனால் இதற்கு ஐந்து ஆண்டுகள் ஆயின என்பதையும் மறந்துவிடக்கூடாது.

காப்புரிமை: தெரியாமல் மிதிக்கும் கண்ணி

பதிப்புரிமையில் நான் யாரையும் பார்த்து எழுதவில்லை என்றால் எனக்குப் பயமில்லை. காப்புரிமையில் அந்த ஆறுதல் கிடையாது. ஒருவர் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றுவிட்டால், அதைப் பற்றிக் கேள்வியே படாத இன்னொருவர் தம் மூளையால் அதே முறையைக் கண்டடைந்தாலும் பொதுவாக மீறல்தான். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் இந்த நிலை நீடிக்கலாம். நிரல் எழுதுபவர் ஒரே நாளில் பத்து வகையான முறைகளைக் கையாளுகிறார். ஒவ்வொன்றுக்கும் உலகில் எங்கேனும் ஒருவர் உரிமை கோரியிருக்கிறாரா என்று தேடிப் பார்ப்பது நடக்கிற காரியமா?

ஜிஃப் படங்களின் கதை இதற்கு நல்ல சான்று. 1987இல் காம்ப்யூசர்வ் நிறுவனம் ஜிஃப் வடிவத்தை வெளியிட்டது. படத்தின் அளவைச் சுருக்க 'எல்.இசட்.டபிள்யூ.' எனும் முறையைப் பயன்படுத்தியது. அந்த முறைக்கு 1985இலேயே அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டிருந்தது. அது பின்னர் யூனிசிஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. உலகமே ஜிஃப் படங்களைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு, 1994 டிசம்பரில், ஜிஃப் கையாளும் மென்பொருள்களுக்குக் கட்டணம் உண்டு என்ற அறிவிப்பு வந்தது. வணிக நிறுவனங்கள் கட்டிவிடலாம். இலவசமாக நிரல் எழுதிக் கொடுப்பவர் எங்கிருந்து கட்டுவார்? எத்தனை படிகள் பரவின என்பதையே அவரால் எண்ண முடியாதே! கோபம் கொண்ட நிரலர்கள் சில மாதங்களிலேயே பி.என்.ஜி. எனும் புதிய வடிவத்தை வகுத்தார்கள். 1996இல் அது முறையாக வெளியானது. இன்று நாம் திரைப்பிடிப்பு எடுத்தால் பெரும்பாலும் பி.என்.ஜி. கோப்பாகச் சேமிக்கப்படுவதற்கு வேர் அந்தக் கோபம். யூனிசிஸின் அமெரிக்கக் காப்புரிமை 2003 ஜூனில் காலாவதியானது.

எம்.பி.3 கதையும் ஏறத்தாழ இதே போன்றதுதான். ரெட் ஹேட் நிறுவனம் 2002இல் தன் லினக்ஸ் வெளியீட்டிலிருந்து எம்.பி.3 ஒலிக்கும் வசதியையே நீக்கிவிட்டது. 2017இல் உரிமத் திட்டம் முடிவுக்கு வந்த பிறகே அச்சிக்கல் தீர்ந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று எழுத்துருக்களைப் பற்றியது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நாம் தமிழ் படிக்கும்போது, எழுத்தின் கோடுகளைப் புள்ளிகளாக மாற்றித் திரையில் காட்டும் வேலையில் ஃப்ரீடைப் எனும் திறந்த மூல மென்பொருளுக்குப் பங்குண்டு. ட்ரூடைப் எழுத்துருக்களுக்குள் சிறிய அளவில் எழுத்து தெளிவாகத் தெரிவதற்கான கட்டளைகள் பதிந்திருக்கும். அவற்றை இயக்கும் முறையின் சில பகுதிகளுக்கு ஆப்பிள் நிறுவனம் காப்புரிமை பெற்றிருந்தது. ஃப்ரீடைப் குழுவினரிடம் அதற்கான நிரல் எழுதி முடிக்கப்பட்டுத் தயாராக இருந்தது. ஆனால் பல ஆண்டுகள் அதை இயல்பு நிலையில் அணைத்தே வெளியிட்டார்கள். மாற்று வழியாகத் தாமாகவே எழுத்தைச் சீராக்கும் ஒரு முறையை உருவாக்கினார்கள். அம்முறை முதலில் இலத்தீன் எழுத்துகளை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. 2010 மே மாதம் காப்புரிமைகள் காலாவதியாயின. அதே ஆண்டு வெளிவந்த ஃப்ரீடைப் 2.4இல் அந்த வசதி திறந்துவிடப்பட்டது. எழுதி முடித்த நிரலைச் சட்டத்துக்குப் பயந்து பூட்டி வைத்திருந்த அந்த ஆண்டுகளை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

எல்லா நாடுகளும் ஒன்றுபோல் இல்லை. ஐரோப்பாவில் மென்பொருள் காப்புரிமைக்கு வழிவிடும் என்று அஞ்சப்பட்ட சட்ட வரைவை ஐரோப்பிய நாடாளுமன்றம் 2005 ஜூலை 6ஆம் நாள் 648க்கு 14 என்ற வாக்கில் நிராகரித்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014இல் அலிஸ் வழக்கில், பழைய கருத்து ஒன்றைக் கணினியில் செய்கிறோம் என்று சொன்னால் மட்டும் காப்புரிமை கிடைக்காது என்றது. மலேசியாவின் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 13ஆவது பிரிவு கணித முறைகளையும் வணிகம் செய்யும் முறைகளையும் விலக்கி வைத்திருக்கிறது. கணினி நிரல் என்று பெயர் சொல்லி விலக்கவில்லை. காப்புரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியானது. ஆயினும் இணையத்தில் வைத்த நிரலுக்கு நாட்டு எல்லை ஏது?

இதனால்தான் பிற்கால உரிமங்கள் காப்புரிமையைப் பற்றியும் பேசத் தொடங்கின. 2004இல் வந்த அப்பாச்சி 2.0 உரிமமும் 2007இல் வந்த ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பும், நிரல் வழங்குபவர் அந்நிரலைத் தொடும் தம் காப்புரிமைகளையும் பயனருக்கு அனுமதிக்கிறார் என்று எழுதிவிட்டன. ஒருவர் அந்த நிரலின் மீதே காப்புரிமை வழக்குப் போட்டால், அவருக்குக் கிடைத்த காப்புரிமை அனுமதி அப்பாச்சி உரிமத்தில் முடிந்துபோகிறது. ஆனால் நிரலே எழுதாமல் காப்புரிமையை மட்டும் வைத்துக்கொண்டு வழக்காடும் நிறுவனங்களை இது தடுப்பதில்லை. 2019இல் அப்படிப்பட்ட ஒரு நிறுவனம், படங்களைக் கையாளும் 'ஷாட்வெல்' மென்பொருளைக் காட்டி குனோம் அறக்கட்டளை மீது வழக்குத் தொடுத்தது. பல்லாயிரம் டாலர் நன்கொடை திரட்டி அறக்கட்டளை எதிர்த்து நின்றது. 2020 மே மாதம் சமரசமானபோது, திறந்த மூல உரிமங்களின் கீழுள்ள மென்பொருள்களைத் தொடுவதில்லை என்று அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆரக்கிள், கூகுள் நிறுவனங்களுக்கிடையே 2010 முதல் 2021 வரை நடந்த ஜாவா வழக்கு யானைகளின் சண்டை. அதில் ஏறத்தாழ 11,500 வரிகளை கூகுள் எடுத்துப் பயன்படுத்தியது நியாயமான பயன்பாடே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை எழுதத் தொடங்கினால் இம்மலரில் இடம் போதாது.

நம் மேசைக்கு வந்த சிக்கல்

இவையெல்லாம் அமெரிக்காவின் கதைகள், நமக்கென்ன என்று நானும் நினைத்திருந்தேன். சென்ற ஆண்டு நானும் இரு நண்பர்களும் தமிழ்க் கட்டுரைகளில் ஒற்றுப் பிழைகளைக் காட்டும் சிறு மென்பொருள் ஒன்றை எழுதத் தொடங்கினோம். எங்களுக்குத் தேவைப்பட்டது நல்ல சொற்பட்டியல். இணையத்தில் ஒன்று கிடைத்தது. யாரோ ஒரு முன்னாள் மாணவர் பெரும் உழைப்போடு தொகுத்து, வகைப்படுத்தி, அனைவருக்கும் தெரியும்படி வைத்திருந்தார். ஆனால் உரிமம் என்று ஒரு வரியும் இல்லை. 'பொதுவில்தானே வைத்திருக்கிறார், எடுத்துக்கொள்ளலாம்' என்றான் நண்பன். எங்கள் விரிவுரையாளர் தடுத்துவிட்டார். ஒவ்வொரு சொல்லும் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் தேர்ந்து தொகுத்த பட்டியல் ஒரு படைப்பு. உரிமம் எழுதப்படாவிட்டால் எல்லா உரிமையும் தொகுத்தவருக்கே. அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். முகவரி செயல்படவில்லை என்று திரும்பி வந்தது. அவர் தமிழுக்குக் கொடுக்க நினைத்துத்தான் வைத்திருப்பார். ஒரு வரி எழுதாததால் அது யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது. நாங்கள் மூவரும் இரண்டு மாத விடுமுறையில் முதலிலிருந்து தட்டச்சு செய்தோம்.

எங்கள் நிரலை வெளியிடும் நேரத்தில் இரண்டாம் சிக்கல். மூவரில் ஒருவருக்கு வேலை கிடைத்துவிட்டது. பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆவது பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பொருட்டு எழுதியவற்றின் பதிப்புரிமை முதலாளிக்குப் போகும். பணம் கொடுத்து எழுதச் சொன்னாலும் அப்படித்தான். சில வேலை ஒப்பந்தங்கள் இதைவிட அகலமாக வலை வீசுகின்றன. வீட்டில், சொந்தக் கணினியில், இரவில் எழுதியதையும் சேர்த்துக்கொள்ளும் சொற்கள் அவற்றில் உண்டு. நண்பரின் ஒப்பந்தத்திலும் அப்படி ஒரு பத்தி இருந்தது. அவர் படிக்காமலேயே கையொப்பமிட்டிருந்தார். முதல் வேலை கிடைத்த மகிழ்ச்சியில் யார்தான் முப்பது பக்கம் படிக்கிறார்கள்? வேலையில் சேர்வதற்கு முன் எழுதிய பகுதி பற்றி ஐயமில்லை. சேர்ந்த பிறகு அவர் திருத்தியது மூன்று கோப்புகள். நிறுவனத்திற்குக் கடிதம் எழுதி எழுத்துப்பூர்வமான இசைவு கேட்டார். ஆறு வாரம் கழித்து வந்தது.

எந்த உரிமத்தைத் தேர்வது என்பதில் எங்களுக்குள் மூன்று இரவுகள் வாக்குவாதம். எங்கள் உழைப்பை ஒரு நிறுவனம் எடுத்துப் பூட்டி, தமிழ்ப்பள்ளிகளுக்கே விற்றுவிடக்கூடாது என்பது ஒருவரின் கவலை; அவருக்கு ஜி.பி.எல். வேண்டும். நிறுவனங்களும் தயங்காமல் எடுத்தால்தான் மென்பொருள் பரவும் என்பது இன்னொருவரின் வாதம். அவர் அப்பாச்சி என்றார். எனக்கு இரண்டிலும் நியாயம் தெரிந்தது. இறுதியில் நிரலுக்கு ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பும், சொற்பட்டியலுக்கு மட்டும் பெயர் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமும் என்று முடிவாயிற்று. சொற்பட்டியல் கோப்பின் முதல் வரியில் மூவர் பெயரும், ஆண்டும், உரிமத்தின் பெயரும் இருக்கின்றன. இரண்டாம் வரியில், பல்கலைக்கழக முகவரி படிப்பு முடிந்ததும் நின்றுவிடும் என்பதால், சொந்த மின்னஞ்சல் முகவரிகளை எழுதியிருக்கிறோம்.